புதன்கிழமையே கிளம்பிவிட்ட வீணை

சைதாப்பேட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. கோர்ட்டில் வழக்கு உள்ளவர்கள் அங்கே இறங்குவார்கள். கிண்டிக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போகிறவர்கள் அந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். சென்னைப் பட்டணத்தின் எல்லை அங்கே முடிந்து செங்கல்பட்டு ஜில்லா ஆரம்பமாகிறது. அதனால் அதைப் பட்டணம் என்று சொல்ல முடியாது. பட்டிக்காடு என்று சொன்னால் அந்த ஊர்க்காரர்களுக்குக் கோபம் வரும்.

எனக்கு அந்த ஊர்மேல் ஆசை விழுந்ததற்கு முதல் காரணம் ரயில். அப்போது மின்சார ரயில் விட்ட புதிது. சைதாப்பேட்டை ஸ்டேஷனில் நின்றால் மின்சார வண்டியையும் பார்க்கலாம், தெற்கே போகும் கரி வண்டியையும் பார்க்கலாம். ஒன்று பூனை மாதிரி வந்து நிற்கும். மற்றொன்று வருகிற செய்தி கிராமணித் தோப்பு தாண்டும்போதே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். காலேஜில் படித்துக்கொண்டிருந்த நான், பாடப் புத்தகத்தை விட எஞ்சின்களை அதிகமாகப் படித்தவன். எந்த வண்டிக்கு எந்த எஞ்சின் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் எழுப்பிக் கேட்டதில்லை.

இரண்டாவது காரணம் என் சித்தி. அவளைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணமாகி இரண்டு வருஷத்துக்குள் புருஷனை இழந்து மயிலாப்பூரில் எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். என்னைவிட எட்டு ஒன்பது வயதுதான் பெரியவள். வெள்ளைப் புடவை, சமையலறை, பின்கட்டு, இவ்வளவுதான் அவளுக்கு உலகம் என்று எல்லோரும் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் அவளிடம் ஒரு வீணை இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நன்றாகக் கற்றுக்கொண்டது. பல வருஷம் உறை போட்டு மூலையில் நின்றதை நான்தான் நச்சரித்து எடுக்க வைத்தேன். அதன் பிறகு தினமும் பின்கட்டு அறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்காத மாதிரி வாசிப்பாள். கதவுக்கு வெளியே உட்கார்ந்து கேட்டவன் நான் ஒருவன்தான்.

செங்கல்பட்டில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் வீணை சொல்லிக்கொடுக்க ஒரு ஸ்திரீ வேண்டும் என்று சேதி வந்தது. வருகிற வியாழக்கிழமை கமிட்டிக்காரர்கள் முன்னால் வாசித்துக் காட்டவேண்டும். இதே சமயத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து சித்தியின் மைத்துனர் வேறு வந்திருந்தார். அவருக்கு ஏழு குழந்தைகள், மனைவிக்குத் தீராத இடுப்பு வலி. “எங்காத்து மாட்டுப்பொண்ணு இங்கே ஏன் இருக்கணும்? அங்கே வந்து ஒத்தாசையா இருக்கட்டும்” என்று அவர் அன்பாகக் கேட்டார். அந்த அன்பு எங்களுக்குப் புரியாமல் இல்லை.

அப்பா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார்: “செங்கல்பட்டுக்கு ஒரு தரம் போய்ட்டு வரட்டும். வேலை கிடைச்சா சந்தோஷம். கிடைக்கலேன்னா வெள்ளிக்கிழமை மைத்துனரோட கிளம்பட்டும். அப்புறம் வீணைப் பேச்சே இந்தாத்துல வேண்டாம்.”

அன்று சித்தி வைத்த ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்திருந்தது.

அம்மா பஞ்சாங்கத்தைத் திறந்தாள். வியாழக்கிழமை தெற்கே சூலம். செங்கல்பட்டோ தெற்கே இருக்கிறது. சூலத்துக்கு எதிரே போனால் போன காரியம் உருப்படாது. கமிட்டிக்காரர்களை நாள் மாற்றச் சொல்ல முடியுமா? இதற்கெல்லாம் எங்கள் ஜனங்கள் வழி வைக்காமல் விட்டிருப்பார்களா? வழிக்குப் பெயர் பரஸ்தானம். நல்ல நாளில், நல்ல வேளையில், பிரயாணம் போகிறவருடைய பொருள் ஒன்றை முன்னாலேயே வீட்டைவிட்டு அனுப்பி, வழியில் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட வேண்டும். பொருள் கிளம்பிவிட்டால் ஆளே கிளம்பிவிட்ட கணக்கு. பிறகு எந்தச் சூலமும் குத்தாது. ஒரே நிபந்தனை, காரியம் முடிகிற வரைக்கும் கிளம்பின பொருள் திரும்பி வரக்கூடாது.

சாதாரணமாக ஒரு வேஷ்டியையோ புடவையையோதான் அனுப்புவார்கள். அம்மா செய்வதைத் திருந்தச் செய்கிறவள். “எதுக்காகப் போறாளோ அதுவே முன்னாடி போகட்டும்” என்று வீணையையே புதன்கிழமை காலையில் ஜட்காவில் ஏற்றி, சைதாப்பேட்டையில் கோர்ட் குமாஸ்தாவாக இருந்த தூரத்து மாமா ஒருவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மறுநாள் நாங்கள் சைதாப்பேட்டையில் இறங்கி, வீணையை வாங்கிக்கொண்டு, செங்கல்பட்டு பாசஞ்சரில் ஏறவேண்டியது. துணை நான். ஏற்பாட்டில் எனக்குப் பரம சந்தோஷம். போகும்போது ஒரு மின்சார ரயில், பிறகு ஒரு கரி வண்டி!

மாம்பலத்தில் ஏறினோம். அடுத்த ஸ்டேஷனே சைதாப்பேட்டை. மின்சாரம் எப்படிக் கம்பியிலிருந்து வண்டிக்குள் இறங்குகிறது என்று சித்திக்கு விளக்க ஆரம்பித்தேன். கம்பி வரைக்கும் வருவதற்குள் ஊர் வந்துவிட்டது. சித்தி நான் சொன்ன எதையும் காதில் வாங்கவில்லை. இடது கை விரல்கள் மட்டும் மடியில் எதையோ அழுத்தி அழுத்தி எடுத்துக்கொண்டிருந்தன.

“சித்தி, பயமா இருக்கா?”

“பயமெல்லாம் ஒண்ணுமில்லேடா. மனுஷாளைப் பாத்துண்டு நான் வாசிச்சதே இல்லை. கதவைப் பாத்துண்டுதான் வாசிச்சிருக்கேன்.”

பாசஞ்சர் வர ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இருந்தது. வெளியே வந்தோம். எனக்கு அந்த ஊரின் காலை வேளை மிகவும் பிடிக்கும். கோர்ட் பக்கம் கறுப்புக் கோட்டுகள் வேர்த்துக்கொண்டு போகும். எதிர்ப்பக்கமிருந்து ஆற்றுக்கு வெள்ளாவி மூட்டையோடு கழுதைகள் வரும். இரண்டு கட்சியும் ஒன்றுக்கொன்று வழிவிடாது. தெருவில் நெசவுக்காரர்களின் நூல் பாவு நீட்டியிருக்கும். அதன் அடியில் குனிந்துதான் போகவேண்டும். வக்கீலும் குனிவார். யாரும் அவசரப்படுவதில்லை, ஆனால் எல்லா வேலையும் நடந்துகொண்டிருக்கும்.

மாமா வீட்டு வாசலில் மாமா நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் இரண்டு கைகளையும் நீட்டினார். வரவேற்கிறார் என்று நினைத்தேன். இல்லை, நிறுத்துகிறார்.

“அங்கேயே நில்லுங்கோ. கிட்ட வராதேங்கோ. தீட்டு.”

சித்தி அங்கேயே நின்று கேட்டாள். “யாருக்கு என்ன ஆச்சு?”

“ஒண்ணும் ஆகலை, நல்ல சேதிதான். என் தம்பிக்குப் பிள்ளை பிறந்திருக்கான். நேத்து சாயங்காலம் தந்தி வந்தது. பத்து நாள் விருத்தித் தீட்டு.”

“வீணை?” என்றேன்.

மாமா மார்பை நிமிர்த்திக்கொண்டார். “அதை நான் விட்டுடுவேனா? பரஸ்தானம் வந்த பொருள் தீட்டு ஆத்துல ராத்தங்கலாமா? தந்தியைப் பிரிச்ச கையோட வெளியே அனுப்பிட்டேன். திருப்பி மயிலாப்பூருக்கு அனுப்பினா பரஸ்தானம் கெட்டுப்போயிடும். இந்தத் தெருவுல எல்லாரும் பங்காளி. ஒருத்தனுக்குப் பிள்ளை பிறந்தா அத்தனை பேருக்கும் தீட்டு. ரொம்ப யோசிச்சேன். அப்புறம் சாயக்கார பாய் ஆத்துக்கு அனுப்பிட்டேன்.”

“முஸல்மான் வீட்டுக்கா?” என்றேன். எனக்கு அதில் ஆட்சேபணை எதுவும் இல்லை. ஆனால் இந்த மாமா, சாயக்கார பாய் திண்ணையோரம் நடந்துபோனாலே தண்ணீர் தெளிக்கிறவர்.

“ஏண்டா, படிக்கிறவன்தானே நீ? அவாளுக்கு நம்ம தீட்டு கிடையாதோன்னோ?” என்றார் மாமா.

தர்க்கத்தில் ஒரு ஓட்டை இல்லை. காலேஜில் எங்களுக்குத் தர்க்க சாஸ்திரம் எடுத்தவர் கூட அசந்துபோயிருப்பார். சித்தி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். புறப்பட்டதிலிருந்து அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அப்போதுதான்.

சாயக்கார பாயின் வீடு இரண்டு தெரு தள்ளி, ஆற்றை ஒட்டி. தொலைவிலேயே தெரிந்துவிட்டது. முற்றம் முழுக்கக் கழி கட்டி, சிவப்பு நூல் சிட்டங்கள் வரிசையாகச் சொட்டிக்கொண்டிருந்தன. தரை, சுவர், வேலிக்கால், அங்கே மேய்ந்த வெள்ளைக் கோழியின் வால் வரைக்கும் சிவப்பு. நடுவில் முழங்கை வரைக்கும் சிவந்த ஒரு மனிதர் நின்றார். முப்பது வயது இருக்கும்.

“வா ஐயரே. இன்னா இவ்ளோ லேட்டு? உங்க வீணைக்கு ராத்திரி பூரா எங்க வூட்ல ராஜ உபசாரம்.”

“உங்களுக்கு ரொம்பச் சிரமம், பாய்.”

“எனக்கு இன்னா சிரமம்? நான் முத்தத்துல படுத்துக்கினேன். வீணை கட்டில்ல படுத்துக்கினுது.” பாய் சித்தியைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். “அம்மா, நீங்க உள்ள போங்க. பொம்பளைங்கதான் கீறாங்க. தம்பி, நீ இங்கியே குந்து. வூட்டுக்குள்ள கோஷா, ஆம்பளைங்க வரக்கூடாது.”

வாசலில் கனத்த துணித் திரை ஒன்று தொங்கியது. சித்தி அதை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் வெளியே ஒரு கவிழ்த்த தொட்டிமேல் உட்கார்ந்தேன். நினைத்துப் பார்த்தால் எனக்கு அது பழகின இடம்தான். மயிலாப்பூரில் கதவுக்கு வெளியே, இங்கே திரைக்கு வெளியே.

உள்ளே நாலைந்து பெண் குரல்கள். அதில் ஒன்று பாயின் மனைவி என்று அது போட்ட அதட்டலிலிருந்தே தெரிந்தது.

“அக்கா, பாத்துக்க. ஒரு கீறல் கெடையாது. புள்ளைங்க கை வெக்காம ராத்திரி பூரா காவல். காத்தாலதான் புதுத் துணி சுத்தி வெச்சேன். எங்க சாயம், எங்க துணி.”

“ரொம்ப உபகாரம், அம்மா. நான் வரட்டுமா? ரயிலுக்கு நேரமாறது.”

“நல்லா கீதே நியாயம். கட்டிலைக் குடுத்துட்டுத் தரையில படுத்துக்கினோம். அது இன்னா சத்தம் போடும்னு ஒருத்தருக்கும் தெரியாது. கேக்காம குடுப்போமா?”

சிரிப்பு எழுந்து அடங்கியது. சித்தி என்ன செய்வாள் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். “இல்லம்மா, இன்னொரு நாள்” என்று எழுந்து வந்துவிட்டால், செங்கல்பட்டிலும் அப்படித்தான் எழுந்து வருவாள். பாயும் சாயக் குச்சியைக் கீழே வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

சுருதி சேர்க்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு தந்தியாகத் தட்டி, முறுக்கி, மறுபடி தட்டி. பிறகு ஸரிகமபதநிஸா. சரளி வரிசை! குழந்தைகளுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுப்பது. அதுவும் ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்த வீட்டுக்குக் கேட்கக்கூடாது என்கிற மாதிரி மெதுவாக.

அது முடிந்ததும் பாயின் மனைவி கேட்டாள். “இதான் அங்க போயி வாசிக்கப் போறியா அக்கா?”

“ஆமாம்… முதல்ல இதுதான் சொல்லிக்கொடுக்கணும்.”

“கோச்சுக்காத. இதுக்கு எங்க தறிச் சத்தமே தேவலாம்.”

பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். சிவந்த கை, நெற்றியில் ஐந்து விரலும் பதிந்தது. “அவ வாய் அப்டிதான் ஐயரே. நிக்காஹ் அன்னிக்கே சொல்ட்டாங்க, நான்தான் நம்பல.”

அப்போது உள்ளே சித்தி சிரித்தாள். மாமா வீட்டு வாசலில் பொத்திக்கொண்ட சிரிப்பு இல்லை இது. வாய்விட்டு, எங்கள் வீட்டில் ஒரு நாளும் நான் கேட்டிராத சிரிப்பு.

“சரி. உனக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பிடிச்சதை வாசிக்கறேன்.”

மோகன ராகம் எடுத்தாள். தந்தியை முதலில் மீட்டின மீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, இது பின்கட்டு அறை வாசிப்பு இல்லை. அங்கே அவள் ஸ்வரங்களை ஒவ்வொன்றாக ஒளித்துவைத்த மாதிரி வாசிப்பாள். இங்கே காயப்போட்ட நூல் மாதிரி விரித்துப் போட்டாள். ஒரு தந்தியை இழுத்து, இழுத்து, இதற்கு மேல் அறுந்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்தி, அங்கேயே ஒரு ஆட்டம் ஆட்டி இறக்கினாள். உள்ளே யாரோ “அல்லா” என்றார்கள், மூச்சோடு. பக்கத்து வீட்டில் தறி நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவன் கழுதையை நிறுத்திக்கொண்டு நின்றான். மின்சார ரயில் ஒன்று கூவிக்கொண்டு போயிற்று. நான் தலை திருப்பவில்லை என்பதை அது போன பிறகுதான் உணர்ந்தேன்.

ஆலாபனை முடிந்து தானம் வாசித்தாள். வேகம் ஏற ஏற, உள்ளே ஒரு பெண் பாத்திரத்தில் விரலால் தட்ட ஆரம்பித்தாள். காலம் பிசகாமல் தட்டினாள். சித்தி அவளுக்காக ஒரு சுற்று நீட்டி வாசித்த மாதிரி எனக்குத் தோன்றியது.

பாய்தான் முதலில் விழித்துக்கொண்டார். “ஐயரே, கிண்டி வண்டி போயிடுச்சி. இதுக்கு அடுத்தது உங்க கரி வண்டிதான். கெளம்பு, கெளம்பு.”

“சித்தி, வண்டி!” என்று திரையைப் பார்த்துச் சொன்னேன்.

வாத்தியம் நின்றது. ஆனால் சித்தி வரவில்லை. உள்ளே ஒரே கசமுச. பாயின் மனைவியின் குரல் மட்டும் உயர்ந்தது. “ஐயோ, நான் பாவி. காத்தாலதானே அலசினேன். ஈரமே காயல, சாயமும் இன்னும் நூல்ல ஊறல.”

திரை விலகியது. சித்தி வீணையை அணைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய வெள்ளைப் புடவையில், இடது தொடைமேல், வட்டமாக, இரத்தச் சிவப்பாக ஒரு கறை. வீணையின் சுரைக்குடுக்கை மடியில் அழுத்தாமல் இருக்கட்டும் என்று, சுற்றியிருந்த புதுத் துணியை மடித்து அடியில் வைத்துக்கொண்டு வாசித்திருக்கிறாள். துணியில் ஈரம் இருந்திருக்கிறது. குடுக்கையின் வட்டம் அப்படியே அச்சாக விழுந்துவிட்டது.

வெள்ளைப் புடவைக்காரியின் மடியில் சிவப்பு. கமிட்டியில் யார் யார் இருப்பார்களோ, பழுத்த வைதிகர் ஒருவராவது இருக்கமாட்டாரா? அம்மா மட்டும் அந்த இடத்தில் இருந்திருந்தால், சூலம் எப்படியோ வந்து குத்திவிட்டது என்று சொல்லி எங்களை வீட்டுக்குத் திருப்பியிருப்பாள்.

“கழுவிடலாமா பாய்?”

பாய் கறையைத் தொழிற்காரர் கண்ணால் பார்த்தார். “தண்ணி பட்டா தொடையளவு கீறது வூடளவு ஆயிடும். ஊறாத சாயம் நூல்ல நிக்காது ஐயரே. ஆனா அடுத்தவங்க வெள்ளைத் துணில பட்டா மட்டும் ஜென்மத்துக்கும் போவாது. அது ஏன்னு எனக்கே தெர்ல.”

திரைக்குப் பின்னாலிருந்து அவர் மனைவி சொன்னாள். “அக்கா, என் புடவை ஒண்ணு கீது. ரெண்டு தரம்தான் கட்டினது. பூப்போட்டது, ஆனா சின்னப் பூ.”

சித்தி திரையின் பக்கம் திரும்பினாள். “உன் புடவையைக் கட்டிண்டு போனா அவா புடவையைத்தான் பாப்பா. நான் வாசிக்கறதைக் கேக்கமாட்டா. இருக்கட்டும்மா.”

“என் மேல கோவமா?”

“நீ மட்டும் அப்படிச் சொல்லலேன்னா அங்கேயும் நான் சரளி வரிசைதான் வாசிச்சிருப்பேன்.”

பாய் வீணையை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். நாங்கள் பின்னால் ஓட்டமும் நடையுமாக. பாவு நீட்டின இடத்தில் மூன்று பேரும் வீணையோடு குனிந்து நுழைந்தோம். மாமா தம் வாசலிலிருந்து பார்த்தார். சித்தியின் புடவையைப் பார்த்தார். கேட்க வாயெடுத்தவர், தீட்டு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார்.

பிளாட்பாரத்தில் சித்தி நிதானமாக நின்றாள். நிதானம் இழந்தவன் நான்தான்.

“சித்தி, யோசிச்சுப் பாரு. அவா முன்னாடி எப்படிப் போய் நிப்பே?”

“நிக்க வேண்டாமே. வீணையோட உள்ளே போறேன். அது மறைச்சுக்கும். உடனே உக்காந்துடறேன். வீணை மடியில இருக்கிற வரைக்கும் கறை தெரியாது.”

“எழுந்திருக்கும்போது?”

“எழுந்திருக்கும்போது வாசிச்சு முடிச்சிருப்பேனேடா” என்றாள்.

பாசஞ்சர் வந்து நின்றது. ஸ்திரீகள் வண்டியில் அவளையும் வீணையையும் ஏற்றிவிட்டு, ஓடிப்போய்ப் பக்கத்துப் பெட்டியில் ஏறினேன். அன்றைக்கு எந்த எஞ்சின் எங்களை இழுத்துக்கொண்டு போயிற்று என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

சாயங்காலம் திரும்பி வரும்போது மறுபடி சைதாப்பேட்டையில் இறங்கி மின்சார வண்டிக்குக் காத்திருந்தோம். பாய் ஏற்கனவே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஐந்து விரல் இன்னும் அப்படியே இருந்தது.

“எவ்ளோ நேரமா குந்திக்கினு கீறேன் தெரியுமா? வூட்டுக்காரி, சேதி இல்லாம வராதேன்னுட்டா. இன்னா ஆச்சி?”

“ஆனி மாசத்துலேந்து வரச் சொல்லியிருக்கா” என்றாள் சித்தி.

பாய் இரண்டு கையையும் ஒரு தரம் தட்டினார். பிறகு புடவையைப் பார்த்துத் தயங்கினார். “அந்தக் கறையப் பாத்தாங்களா?”

“பாத்தா. எழுந்தப்போ எல்லாருமே பாத்தா. அதுக்குள்ளே அந்தக் கமிட்டித் தலைவர் சம்பளம் பேச ஆரம்பிச்சுட்டார்.”

“குடுங்கம்மா, முழுசா வேற சாயம் போட்டுத் தரேன். கறை தெரியாது. அரக்கு, காவி, எது வேணுமோ.”

சித்தி மடியைக் குனிந்து பார்த்தாள். வட்டம் காய்ந்து கொஞ்சம் கருத்திருந்தது.

“இருக்கட்டும், பாய்” என்றாள். “உங்காத்துல சொல்லுங்கோ, ஆனியில போறபோது இறங்கிட்டுப் போவேன். அன்னிக்கு எந்த நாளா இருந்தாலும் சரி.”